ஆன்கியில் 64 டெக் வேண்டுமா, ஒரே டெக்கும் டேகும் போதுமா?

வைகைக்கரை:
குரூப் 4, குரூப் 2 இரண்டுக்கும் சேர்த்துப் படிக்கிறேன். கேள்வி-பதில் கார்டுகளை இடைவெளி விட்டுத் திரும்பத் திரும்பக் காட்டும் ஆன்கி செயலியில் இப்போது 5,200 கார்டு, 64 டெக் (கார்டுகளைப் போட்டுவைக்கும் தொகுப்பு) இருக்கின்றன. பாடப்புத்தகத்தின் பொருளடக்கம் எப்படியோ அப்படியே என் டெக் பட்டியலும். அரசியலமைப்பு என்று ஒரு தாய் டெக், அதற்குள் முகவுரை, அடிப்படை உரிமைகள், குடியரசுத் தலைவர், ஆளுநர், அவசரநிலை என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு சப்டெக். தமிழுக்கு மட்டும் 19.

போன வாரம் வேறொரு திரியில் செவ்வந்தி அக்கா, டெக்கைப் பாடம் பாடமாகப் பிரிப்பதுதான் நிறைய பேர் செய்கிற முதல் தவறு என்று எழுதியிருந்தார். எனக்கு அது சரியாகப் படவில்லை. காலையில் உட்கார்ந்து ஆளுநர், அவசரநிலை என்று இரண்டு டெக்கை முடித்தால் அந்தப் பாடம் மனதில் முழுதாக நிற்கிறது. எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டினால் சிலப்பதிகாரத்துக்கு அடுத்து நிதிக்குழு, அதற்கடுத்து கரிசல் மண் என்று வரும். அப்படிப் படித்தால் என்ன நிற்கும்? டெக்காகப் பிரிக்க வேண்டாம், கார்டுக்கு டேக் (தேடி எடுக்க உதவும் அடையாளச் சொல்) போட்டால் போதும் என்பவர்கள் காரணத்தோடு சொல்லுங்கள்.

செவ்வந்தி:
எழுதியது நான்தான் தம்பி, இப்போதும் அதையேதான் சொல்வேன். உங்கள் ஆளுநர் டெக்கையே எடுத்துக்கொள்வோம். திறக்கிறீர்கள். "அவசரச் சட்டம் பிறப்பிக்கும் அதிகாரம், எந்தச் சட்டப்பிரிவு?" 213. "மன்னிப்பு வழங்கும் அதிகாரம்?" 161. இரண்டும் சரி, பச்சை பட்டன். ஆனால் கேள்வி வருவதற்கு முன்பே டெக்கின் பெயர் பாதி விடையைச் சொல்லிவிட்டதே! தேர்வுத்தாளில் குடியரசுத் தலைவரின் அவசரச் சட்ட அதிகாரத்தைக் கேட்டுவிட்டு 123, 213, 143, 161 என்று நான்கையும் அடுக்கி வைத்திருப்பார்கள். 123-ஐயும் 213-ஐயும் பிரித்தறிகிறோமா என்பதுதான் அங்கே சோதனை. ஆளுநர் டெக்கில் அந்தச் சோதனை ஒருநாளும் நடப்பதில்லை.

நானும் ஒரு வருடம் முழுக்க அப்படித்தான் படித்தேன். தேர்வில் மன்னிப்பு அதிகாரத்துக்குக் குடியரசுத் தலைவரின் 72-ஐயும் ஆளுநரின் 161-ஐயும் மாற்றிக் குறித்துவிட்டு வந்தேன். ஆன்கியில் அந்த இரண்டு கார்டையும் நான் தவறவிட்டதே இல்லை.

வைகைக்கரை:
அக்கா, அது கார்டு எழுதிய விதத்தில் உள்ள குறை. டெக்கின் மேல் ஏன் பழி போடுகிறீர்கள்? என் கார்டில் "ஆளுநர் அவசரச் சட்டம் பிறப்பிப்பது எந்தச் சட்டப்பிரிவின் கீழ்?" என்று முழுதாகவே எழுதியிருக்கிறேன். டெக் பெயர் தெரிந்தாலும் தெரியாவிட்டாலும் கேள்வி ஒன்றுதான்.

செவ்வந்தி:
முழுதாக எழுதுவது நல்லது, அதில் மறுப்பில்லை. ஆனால் அந்த டெக்கில் உட்கார்ந்திருக்கும்போது உங்கள் தலைக்குள் எத்தனை எண் ஓடும்? 153, 161, 213, இன்னும் நாலைந்து. அதற்குள்தான் தேடுகிறீர்கள். அதே கார்டு 32, 226, 280, 324, 356 எல்லாவற்றோடும் கலந்து, நடுவில் ஒரு சங்க இலக்கியக் கேள்விக்கும் பிறகு வந்தால், அந்த எண்ணை அடியிலிருந்து தோண்டி எடுக்க வேண்டியிருக்கும். அப்படித் தோண்டுவதைத்தான் நாம் பழக வேண்டும்.

"பாடம் மனதில் நிற்கிறது" என்கிறீர்களே, அந்த உணர்வைப் பற்றியும் ஒன்று சொல்கிறேன். கோர்னெல், பியோர்க் என்ற இரண்டு உளவியலாளர்கள் 2008-இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். 12 ஓவியர்களின் படங்களில் சிலருடையதை ஓவியர்வாரியாக வரிசையாகவும், சிலருடையதைக் கலந்தும் காட்டினார்கள். பிறகு புதுப் படங்களைக் காட்டி யார் வரைந்தது என்று கேட்டபோது, கலந்து பார்த்த ஓவியர்களைத்தான் நன்றாக அடையாளம் கண்டார்கள். ஆனால் எது உதவியது என்று கேட்டால், பெரும்பாலானவர்கள் வரிசையாகப் பார்த்ததைத்தான் சொன்னார்கள். உள்ளே பதிவதும் பதிந்ததாகத் தோன்றுவதும் வேறு வேறு.

வைகைக்கரை:
ஓவியமும் சட்டப்பிரிவும் ஒன்றாகிவிடாது. அதிலிருந்து நேராக என் டெக்குக்கு வருவதை என்னால் ஏற்க முடியவில்லை. அப்புறம் எந்தப் பாடத்தில் பலவீனம் என்று எனக்குத் தெரிய வேண்டாமா? இப்போது டெக் பட்டியலைப் பார்த்தாலே எது சேர்ந்துகிடக்கிறது என்று தெரிகிறது.

நடுச்சாமம்:
குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். நான் தேர்வர் இல்லை. நான்கு வருடமாக ஜப்பானிய மொழிக்கு ஆன்கி பயன்படுத்துகிறேன். இரண்டு பேரும் ஒரு விஷயத்தைச் சேர்த்துக் குழப்புகிறீர்கள். சப்டெக் இருப்பது வேறு, கலக்காமல் படிப்பது வேறு. தாய் டெக்கைத் தட்டினால் எல்லாச் சப்டெக்கின் ரிவ்யூவும் (அன்று திரும்பப் பார்க்க வேண்டிய கார்டுகள்) கலந்துதான் வரும், இப்போதைய பதிப்புகளில் அதுதான் இயல்பு. சப்டெக்கைத் தனித்தனியாகத் தட்டும்போதுதான் செவ்வந்தி சொல்கிற சிக்கல் வருகிறது. அடுத்த ரிவ்யூ எப்போது என்ற கணக்கும் பிரிப்பதால் மாறாது. அதைத் தீர்மானிப்பது பிரீசெட் என்ற அமைப்புத் தொகுப்பு. 64 டெக்கும் ஒரே பிரீசெட்டைப் பகிரலாம். அடுத்த ரிவ்யூ நாளைக் கணிக்கும் எஃப்எஸ்ஆர்எஸ் முறையைப் பயன்படுத்துகிறவர்கள் டெக்குக்கு ஒரு பிரீசெட் வைக்கவே வேண்டாம், ஒவ்வொன்றிலும் ரிவ்யூ குறைவாக இருந்தால் கணிப்பு தேறாது.

இன்னொன்று, புதிய கார்டு. தாய் டெக்கைத் தட்டும்போது ஆன்கி மேலிருந்து ஒவ்வொரு சப்டெக்காகப் புதிய கார்டை எடுக்கும், அன்றைய வரம்பு முடிந்ததும் நிறுத்திவிடும். வரம்பு நீங்கள் மாற்றாதவரை 20. முதல் சப்டெக்கில் கார்டு தீராதவரை கீழே இருப்பவை காத்துக்கிடக்கும். "புதிய கார்டைச் சேகரிக்கும் வரிசை" என்ற அமைப்பை மாற்றினால்தான் அவை மேலே வரும். வைகைக்கரை, உங்கள் கடைசிச் சில சப்டெக்குகளைத் திறந்து பாருங்கள்.

வைகைக்கரை:
பார்த்தேன். தமிழுக்கு மட்டும் தாய் டெக்கைத்தான் தட்டுவேன், 19-ஐயும் ஒவ்வொன்றாகத் தட்ட நேரமிருக்காது. வரிசை தெரியட்டும் என்று 01, 02 என எண் போட்டிருந்தேன். 14-க்குக் கீழே ஒரு கார்டுகூடப் படிக்கப்படவில்லை. 15 உரைநடை, 16 தமிழறிஞர்கள். ஜனவரியில் எழுதிய கார்டுகள் அப்படியே புதியதாகக் கிடக்கின்றன. அந்த இரண்டு பகுதியும் முடித்துவிட்டதாக நம்பிக்கொண்டிருந்தேன். மனது கனத்துவிட்டது.

பனங்கூடல்:
வணக்கம். நான் யாழ்ப்பாணம், உயர்தரப் பரீட்சைக்கு உயிரியல் பிரிவில் படிக்கிறேன். செவ்வந்தி அக்கா சொல்வதில் பாதிதான் எனக்குச் சரி. எனக்கு மூன்று டெக்: உயிரியல், இரசாயனவியல், பௌதிகவியல். இவற்றை நான் ஒருபோதும் ஒன்றாக்க மாட்டேன். உயிரியல் கார்டை பஸ்ஸில் நின்றுகொண்டே பார்க்கலாம். பௌதிகவியலில் ஒரு கார்டுக்குத் தாளும் பேனையும் எடுத்துக் கணக்குச் செய்ய வேண்டும். இரண்டும் கலந்தால் பஸ்ஸில் பௌதிகக் கார்டு வரும், மனத்தில் சரிவரச் செய்யாமலே "தெரியும்" என்று அழுத்திவிடுவேன். இரண்டு மாதம் அப்படித்தான் செய்தேன். அதனால் எங்கே, எப்படி இருந்து படிக்கிறோமோ அதன்படி டெக் இருக்க வேண்டும் என்பது என் கருத்து. அலகு, கடந்தகால வினாத்தாள் வந்த ஆண்டு எல்லாம் டேகில் இருக்கட்டும்.

செவ்வந்தி:
பனங்கூடல் சொன்னதை முழு மனதோடு ஏற்கிறேன். என்னிடமும் திறனறிவுக் கணக்கு தனி டெக்தான், ஆனால் ஏன் அப்படி வைத்தேன் என்று நான் யோசித்ததே இல்லை. இருக்கும் இடத்தைப் பொறுத்து டெக், இது நல்ல அளவுகோல்.

வைகைக்கரைக்கு ஒரு கேள்வி. உங்கள் 19 தமிழ் டெக்கில் கபிலர் எங்கே இருக்கிறார்? ஐங்குறுநூற்றில் குறிஞ்சி நூறு பாட்டும் அவருடையது, குறிஞ்சிப்பாட்டு அவருடையது, பதிற்றுப்பத்தில் ஏழாம் பத்து அவருடையது, குறிஞ்சிக்கலியும் அவருடையது. எட்டுத்தொகை டெக்கில் வைத்தால் பத்துப்பாட்டில் இருக்க மாட்டார். ஒரு கார்டுக்கு ஒரே ஒரு டெக்தான். டேக் எத்தனை வேண்டுமானாலும் போடலாம். நம் இலக்கியமே ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கிறது, அதைப் பெட்டி பெட்டியாக அறுத்தால் பின்னல்தான் முதலில் போகும்.

வைகைக்கரை:
கபிலர் எட்டுத்தொகையில் இருக்கிறார். குறிஞ்சிப்பாட்டுக்குப் பத்துப்பாட்டு டெக்கில் தனிக் கார்டு. இரண்டையும் சேர்த்துக் கேட்கும் கார்டு என்னிடம் இல்லை, ஒத்துக்கொள்கிறேன்.

ஆனால் டேக் என்றாலே எனக்கு ஒவ்வாமை. முன்பு முயன்றிருக்கிறேன். ஒரே விஷயத்துக்கு நடப்பு_நிகழ்வு, நடப்புநிகழ்வுகள், ந_நி என்று மூன்று டேக் ஆகிவிட்டது. தினமும் அரை மணி நேரம் டேக் போடுவதிலேயே போனது. 140 டேக் சேர்ந்த பிறகு கணக்குப் பார்த்தால், அவற்றில் ஒன்றையும் வைத்து நான் எதையும் தேடியதே இல்லை. டெக் என்றால் கார்டு எழுதும்போதே இடம் முடிவாகிவிடுகிறது, வேலை மிச்சம்.

நடுச்சாமம்:
எழுத்து மாறிப்போன டேகுகளை ஆன்கிக்குள் இருக்கும் கார்டு பிரவுசரின் பக்கப்பட்டியில் ஒரே பெயருக்கு மாற்றினால் சேர்ந்துவிடும், 5 நிமிட வேலை. டேகிலும் இரட்டை முக்காற்புள்ளி போட்டுக் கிளை வைக்கலாம். தாய் டேகைத் தேடினால் கிளைகளும் சேர்ந்து வரும். ஒன்றை மட்டும் மறக்காதீர்கள்: டெக் என்பது கார்டுக்கு, டேக் என்பது நோட்டுக்கு, அதாவது கார்டுகள் உருவாகும் மூலக் குறிப்புக்கு. ஒரு நோட்டிலிருந்து மூன்று கார்டு உருவானால் டேக் மூன்றுக்கும் பொருந்தும்.

செவ்வந்தி:
தேடாத டேக் குப்பைதான், அதில் உங்கள் பக்கம்தான் நானும். என்னிடம் இருப்பவை மிகக் குறைவு. எந்த வகுப்பு, எந்தப் பாடம் என்று ஒன்று. புத்தகம் புதுப் பதிப்பு வந்தால் அந்தப் பாடத்தின் கார்டுகளை மட்டும் எடுத்துத் திருத்த அது வேண்டும். நடப்பு நிகழ்வுகளுக்கு மாதமும் ஆண்டும். தேர்வு முடிந்ததும் அந்த மாதத்தை மொத்தமாக நிறுத்திவைத்துவிடுவேன்.

நான் உயிராக வைத்திருப்பது மூன்றாவது டேக், "குழப்பம்" என்று அதற்குப் பெயர். குழப்பம்::123_213, குழப்பம்::72_161, குழப்பம்::ஐங்குறுநூறு_புலவர்கள் என்று போகும். ஐந்து திணைக்கும் ஐந்து புலவர்களில் ஓதலாந்தையாரையும் பேயனாரையும் நான் எத்தனை முறை மாற்றிச் சொல்லியிருக்கிறேன் தெரியுமா? பாலையா முல்லையா என்று கை நடுங்கும். ஒரு கார்டைத் தவறவிட்டு, "அடடா, அதை இதோடு மாற்றிவிட்டேன்" என்று தோன்றும் அந்த நொடியில் இரண்டுக்கும் அந்த டேகைப் போட்டுவிடுவேன். தேர்வுக்கு இரண்டு வாரம் முன்பு அந்த டேகை மட்டும் வைத்து ஒரு ஃபில்டர்டு டெக் (தேடலில் வரும் கார்டுகளைத் தற்காலிகமாகச் சேர்க்கும் டெக்). 64 டெக் தராத ஒரு வகைப்பாடு அது. புத்தகத்தின் பொருளடக்கத்தில் அது இல்லை, என் தலையில் எது எதோடு மோதுகிறது என்ற கணக்கு.

வைகைக்கரை:
12 நாள் கழித்து வருகிறேன். முதலில் ஒவ்வொரு டெக்கின் பெயரையும் அதிலுள்ள கார்டுகளுக்கு டேகாகப் போட்டேன், பிறகுதான் நகர்த்தினேன். ரிவ்யூ வரலாறு எதுவும் போகவில்லை. இப்போது நான்கு டெக்: தமிழ், பொது அறிவு, திறனறிவு, நடப்பு நிகழ்வுகள். சேகரிக்கும் வரிசையையும் மாற்றிவிட்டேன், உரைநடைக் கார்டுகள் வரத் தொடங்கிவிட்டன.

முதல் வாரம் கடினமாக இருந்தது. சரியாகத் தெரியும் என்றிருந்த எத்தனையோ கார்டைத் தவறவிட்டேன். மூன்றாம் நாள் 72-க்கும் 161-க்கும் நடுவில் நானும் மாட்டினேன், அப்போதே குழப்பம் டேக் போட்டேன்.

ஆனால் ஒன்றை விட மாட்டேன் அக்கா. புதுப் பாடம் படிக்கும்போது அதற்குத் தனிச் சப்டெக் வைத்து ஒரு வாரம் அதை மட்டும் படிக்கிறேன், பிறகுதான் பொதுவில் சேர்க்கிறேன். அவசரநிலைப் பாடத்தில் 352, 356, 360 மூன்றையும் முதலில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்காமல் எனக்கு வேறுபாடே பிடிபடாது.

செவ்வந்தி:
பக்கத்தில் வைத்துப் பார்க்கும் வேலை புத்தகத்தினுடையது தம்பி. நோட்டுப் புத்தகத்தில் ஓர் அட்டவணை போட்டுப் புரிந்துகொண்டு, அதன் பிறகு கார்டு எழுதுங்கள். ஒரு வாரம் தனி டெக்கில் வைப்பதை நான் இன்னும் ஏற்கவில்லை. தேர்வு முடிவு வந்ததும் இதைத் திரும்பப் பேசுவோம்.

பனங்கூடல்:
நான் இதில் வைகைக்கரை அண்ணாவின் பக்கம். புது அலகுக்கு நானும் அப்படித்தான் செய்கிறேன்.

நடுச்சாமம்:
வைகைக்கரை, பழைய 60 டெக்கை நீக்கும் முன் ஒவ்வொன்றும் காலியா என்று பாருங்கள், ஒரு பேக்கப்பும் எடுத்துவையுங்கள். ஃபில்டர்டு டெக்கை நீக்கினால் கார்டு தன் சொந்த டெக்குக்குத் திரும்பிவிடும், சாதாரண டெக்கை நீக்கினால் உள்ளே இருக்கும் கார்டும் சேர்ந்து போய்விடும்.