இலண்டனில் ஒரு வாரம்: இருவருக்கு 2 இலட்சம் ரூபாய் போதுமா?

பாளை வரலாற்றாசிரியர்:

அனைவருக்கும் வணக்கம். பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரியில் வரலாறு கற்பித்து வருகிறேன். பணி ஓய்வு நெருங்குகிறது. அதற்கு முன், வரும் மே விடுமுறையில் மனைவியுடன் இலண்டன் சென்று ஒரு வாரம் தங்கி வர விரும்புகிறேன். திருவனந்தபுரத்திலிருந்து வளைகுடா வழியாகச் செல்லும் விமானத்துக்கும் விசாவுக்கும் தனியே பணம் ஒதுக்கிவிட்டேன். அவை போக, தங்குமிடம், சாப்பாடு, உள்ளூர்ப் பயணம், நுழைவுக் கட்டணம் எல்லாவற்றுக்குமாக எங்கள் இருவருக்கும் 2 இலட்சம் ரூபாய் கையில் இருக்கும். அதற்கு மேல் கடன் வாங்கிச் செலவழிக்கும் எண்ணம் இல்லை.

வண்ணார்பேட்டையில் நான் விசாரித்த பயண முகவர் இந்தத் தொகையைக் கேட்டதும், "பேசாம சிங்கப்பூர் போயிட்டு வாங்க சார், நிறைவா இருக்கும்" என்றார். சிங்கப்பூர் மீது எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. ஆனால் முப்பது ஆண்டுகளாக மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுத்த இடங்களை ஒருமுறையாவது நேரில் பார்க்க வேண்டும். எங்களுக்கு ஆடம்பரம் தேவையில்லை. படுக்கை சுத்தமாக இருந்தால் போதும். கடைகளில் பொருள் வாங்கும் ஆசையும் கிடையாது. மனைவிக்கு மூட்டுவலி இருப்பதால் படிக்கட்டு ஏறுவதுதான் சிரமம். போய் வந்தவர்கள் எங்கே சிக்கனம் செய்யலாம், எங்கே செய்யக் கூடாது என்று சொன்னால் உதவியாக இருக்கும்.

பெருமாள்புரத்துக்காரர்:

ஐயா, வணக்கம். வேலையின் பொருட்டுச் சில ஆண்டுகள் அங்கே இருந்தவன் என்ற முறையில் எழுதுகிறேன். உங்கள் தொகை ஏறக்குறைய 1,600 பவுண்டு வரும். தாராளம் என்று சொல்ல முடியாது, ஆனால் முடியும். இலண்டனில் படுக்கைதான் விலை உயர்ந்தது. ஒரு வரலாற்றாசிரியர் பார்க்க விரும்பும் இடங்களில் பெரும்பகுதிக்கு நுழைவுக் கட்டணமே கிடையாது. ஆகவே, கையிலுள்ள பணத்தில் பாதியை அறைக்கு என்று இப்போதே எழுதி வைத்துவிட்டு, மீதியை வைத்துக்கொண்டு மற்றவற்றைத் திட்டமிடுங்கள்.

அறை விஷயத்தில் முதலில் ஓர் எச்சரிக்கை. பேடிங்டன், ஏர்ல்ஸ் கோர்ட் பகுதிகளில் பழைய அடுக்கு வீடுகளை விடுதியாக மாற்றியிருக்கிறார்கள். வாடகை குறைவாகத் தெரியும். ஆனால் பலவற்றில் லிஃப்ட் இல்லை. குறுகலான மரப்படியில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நான்காம் மாடிக்கு ஏற வேண்டியிருக்கும், இல்லையென்றால் தெருமட்டத்துக்குக் கீழே வெளிச்சம் எட்டாத அறையைத் தருவார்கள். உங்கள் வீட்டம்மாவின் மூட்டுவலியை நினைத்தால் அந்தச் சிக்கனம் வேண்டாம். பிரீமியர் இன், டிராவலாட்ஜ் போன்ற சங்கிலி விடுதிகளில் அலங்காரம் இருக்காது, படுக்கை சுத்தமாக இருக்கும். நகரின் நடுவே முதல் மண்டலம். அதைச் சுற்றியுள்ள இரண்டாம், மூன்றாம் மண்டலங்களில் உள்ள கிளைகளை, லிஃப்ட் உண்டா என்று கேட்டுக்கொண்டு, சில மாதங்களுக்கு முன்பே பதிவு செய்தால் உங்கள் கணக்குக்குள் அடங்கும். பல்கலைக்கழக மாணவர் விடுதி அறைகளைக் கோடையில் வெளியாருக்கு வாடகைக்கு விடுவது உண்டு. ஆனால் மே மாதம் அவர்களுக்குத் தேர்வுக் காலம். அந்த வழியை நம்பியிருக்க வேண்டாம்.

இன்னொன்று: விசா கைக்கு வரும்வரை, இரத்து செய்தால் பணம் திரும்பக் கிடைக்கும் வகையிலேயே அறையைப் பதிவு செய்யுங்கள். அதற்குச் சற்றுக் கூடுதலாகக் கேட்பார்கள், கொடுக்கலாம். ஆறு மாத விசாவுக்கான கட்டணம் 2025 ஏப்ரலில் 127 பவுண்டாக உயர்ந்தது. மறுத்துவிட்டால் அது திரும்பாது. அறைப் பணமும் சேர்ந்து போக வேண்டியதில்லை அல்லவா?

பயணத்துக்குத் தனி அனுமதிச் சீட்டு எதுவும் வாங்காதீர்கள். தொட்டால் கட்டணம் எடுத்துக்கொள்ளும் வங்கி அட்டையே பேருந்திலும் சுரங்க இரயிலிலும் செல்லும். ஆளுக்கு ஓர் அட்டை கட்டாயம். ஒரே அட்டையை இருவர் தொட முடியாது. நம் ஊர்க் கிரெடிட் கார்டுகளில் பல, அந்நியச் செலாவணி மாற்றத்துக்கென்று மூன்றரை விழுக்காடு வரை பிடித்துக்கொள்கின்றன. ஆகவே இருவரும் ஆளுக்கொரு ஃபாரெக்ஸ் கார்டு, அதாவது வெளிநாட்டுப் பணத்தை முன்கூட்டியே ஏற்றி வைக்கும் அட்டை, எடுத்துக்கொள்வது நல்லது. இரயிலில் ஏறும்போது தொட்ட அட்டையையே இறங்கும்போதும் தொட வேண்டும். மறந்தால் உச்சக் கட்டணத்தைப் பிடித்துவிடுவார்கள். 2025 மார்ச்சில் வந்த கட்டணப்படி, எத்தனை முறை ஏறி இறங்கினாலும் முதல் இரண்டு மண்டலங்களுக்குள் ஒரு நாளில் 8.90 பவுண்டுக்கு மேல் பிடிப்பதில்லை. பேருந்தில் மட்டும் சென்றால் அந்த வரம்பு 5.25 பவுண்டுதான்.

உங்களுக்குப் பேருந்தைத்தான் நான் பரிந்துரைப்பேன். பல சுரங்க நிலையங்களில் இன்னும் நீண்ட படிக்கட்டுகள் இருக்கின்றன. பேருந்தோ தாழ்தளம் கொண்டது, நடைபாதையை ஒட்டி நிற்கும். ஒருமுறை கட்டணம் (2025இல் 1.75 பவுண்டு) கொடுத்தால், முதலில் தொட்டதிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் வேறு எந்தப் பேருந்தில் மாறி ஏறினாலும் மறுபடி கட்டணம் இல்லை. ரொக்கம் வாங்க மாட்டார்கள். டிரஃபால்கர் சதுக்கத்தில் 15ஆம் எண் பேருந்தில் ஏறினால், ஃபிளீட் தெரு, செயின்ட் பால் பேராலயம் வழியாக இலண்டன் கோபுரம் வரை போய்விடலாம். சுற்றுலாப் பேருந்துக்காரர்கள் பெருந்தொகை வாங்கிக்கொண்டு காட்டுவதில் பாதி இந்த ஒரு தடத்திலேயே வந்துவிடும். ஹீத்ரோ விமான நிலையத்தில் இறங்கியதும் வண்ணப் பலகைகள் விரைவு இரயிலுக்கு அழைக்கும், அங்கே போகாதீர்கள். 2025 மார்ச்சுக் கட்டணப்படி, சுரங்க இரயிலின் பிக்காடிலி தடத்தில் நகர மையத்துக்கு 5.80 பவுண்டாகவும் எலிசபெத் தடத்தில் 13.90 ஆகவும் இருந்தது; அன்றே சீட்டு எடுத்தால் விரைவு இரயில் அதற்கும் மேலே.

இனி உங்கள் துறை. பிரிட்டிஷ் மியூசியம் இலவசம். இணையத்தில் நேரம் குறித்த இலவசச் சீட்டு எடுத்துவிட்டால் வரிசையில் அதிகம் காக்க வேண்டாம். எடுக்காமல் போனால் வாசல் வரிசை, மாலை நேரத்தில் நம் திருநெல்வேலிக் கீழரத வீதி அல்வாக் கடையின் முன் நிற்பதைப் போலத்தான் இருக்கும். அங்கே 33அ எண் அறையில் அமராவதிச் சிற்பங்கள் இருக்கின்றன. கண்ணாடிச் சுவருக்குப் பின்னால், நம் பக்கத்து ஆந்திரத்துப் பளிங்குச் சுண்ணக்கல்லில் செதுக்கிய தாமரைகளை நின்று நிதானமாகப் பாருங்கள். கூட்டமெல்லாம் எகிப்து மம்மிகளிடம் போய்விடும். வெள்ளிக்கிழமைகளில் இரவு 8.30 வரை திறந்திருக்கும். நடந்து போகும் தொலைவில், ரசல் சதுக்கத்தை ஒட்டிய, இலண்டன் பல்கலைக்கழகத்தின் கீழைத்தேய, ஆப்பிரிக்க ஆய்வுப் பள்ளி (SOAS) வளாகத்தில் திருவள்ளுவர் சிலை இருக்கிறது. தெற்கு கென்சிங்டனில் உள்ள விக்டோரியா ஆல்பர்ட் மியூசியத்தில், வெள்ளைக்காரச் சிப்பாய் ஒருவனைக் கடித்துக்கொண்டிருக்கும் திப்பு சுல்தானின் மரப்புலி இருக்கிறது. அதுவும் இலவசம். மைசூர்ப் போர்களை நடத்தியவருக்கு, வகுப்பில் நடத்தியவரைச் சொல்கிறேன், அதைப் பார்க்காமல் திரும்ப மனம் வராது.

அம்பை வாசகி:

அண்ணாச்சிக்கு வணக்கம். பெருமாள்புரத்து அண்ணாச்சி எழுதியவற்றில் தங்குமிடம் தவிர மற்ற எல்லாவற்றையும் ஒத்துக்கொள்கிறேன். என் மகன் கிழக்கு இலண்டனில் ஈஸ்ட் ஹாம் பக்கம் இருக்கிறான். அந்தப் பகுதியில் தங்குவதை நீங்கள் யோசித்துப் பார்க்க வேண்டும். இலங்கைத் தமிழரும் நம்மவரும் நிறைந்த இடம். இட்லி, தோசை, இடியாப்பம், சோறு எல்லாம் நகர மையத்து விலையை விட வெகு குறைவாகக் கிடைக்கும். மளிகைக் கடையில் சின்ன வெங்காயமும் முருங்கைக்காயும் தொங்குவதைப் பார்த்தால் அம்பாசமுத்திரம் கடைத்தெருவில் நிற்கும் நினைவே வரும். சுரங்க இரயிலின் டிஸ்ட்ரிக்ட் தடத்தில் மாறாமல் நகர மையத்து வெஸ்ட்மின்ஸ்டர் போய்விடலாம். வயது ஏறியவர்களுக்கு ஒரு வாரம் முழுவதும் ரொட்டியும் குளிர்ந்த சாண்ட்விச்சும் ஒத்துவராது; அதையும் கணக்கில் சேர்த்துத்தான் சிக்கனத்தைப் பேச வேண்டும்.

பகல் உணவுக்கு மட்டும் ஒரு வழி: டெஸ்கோ, செயின்ஸ்பரீஸ் போன்ற பல்பொருள் அங்காடிகளில் சாண்ட்விச், நொறுக்கு, பானம் மூன்றையும் சேர்த்து ஒரே விலையில் தருவார்கள், ஐந்து பவுண்டுக்குள் முடிந்துவிடும். மாலையில் அன்றைக்கே தீர வேண்டிய பண்டங்களுக்கு மஞ்சள் சீட்டு ஒட்டி விலையைக் குறைப்பார்கள். வெட்கப்படாமல் எடுங்கள், அந்த ஊர்க்காரர்களும் அதைத்தான் எடுக்கிறார்கள். குடிதண்ணீருக்குக் காசு கொடுக்கவே வேண்டாம். குழாய்த் தண்ணீர் நல்ல தண்ணீர்.

வீட்டிலிருந்து பருப்புப்பொடி, எள்ளுப்பொடி, புளிக்காய்ச்சல் கொண்டு போங்கள். ஆனால் நெய், பால்கோவா, இறைச்சி ஊறுகாய் ஆகியவற்றைப் பெட்டியில் வைக்காதீர்கள். இந்தியாவிலிருந்து பால் பொருளும் இறைச்சியும் கொண்டுவர அங்கே தடை இருக்கிறது. கண்டால் எடுத்துப் போட்டுவிடுவார்கள்.

பெருமாள்புரத்துக்காரர்:

அக்கா சொல்லும் சாப்பாட்டு நியாயத்தை மறுக்க மாட்டேன். ஆனால் ஈஸ்ட் ஹாமில் தங்கினால் காலையும் மாலையும் நெரிசலான நேரத்தில் இரயிலில் நின்றுகொண்டே போய்வர நேரிடும். தினசரிக் கட்டண வரம்பும் ஒரு மண்டலம் கூடும். நடுப்பகலில் களைத்தால் அறைக்குத் திரும்பி ஒரு மணி நேரம் காலை நீட்டிவிட்டு வர முடியாது. மூட்டுவலி உள்ளவர்களுக்கு அந்த ஓய்வு பெரிது. என் யோசனை: நகர மையத்துக்கு அருகில் தங்கி, ஒன்றிரண்டு மாலைகளில் ஈஸ்ட் ஹாமுக்கோ டூட்டிங்குக்கோ போய் நம் சாப்பாட்டைச் சாப்பிட்டு வரலாம்.

பாளை வரலாற்றாசிரியர்:

இருவருக்கும் நன்றி. இரண்டையும் மனைவியிடம் படித்துக் காட்டினேன். பகலில் ஓய்வெடுக்க அறை பக்கத்தில் இருக்க வேண்டும் என்று அவர் தீர்மானமாகச் சொல்லிவிட்டார், எள்ளுப்பொடியும் வரும். இனி இரண்டு கேள்விகள் மீதம். நாங்கள் பாளையங்கோட்டை ஊசிக்கோபுரம் என்ற கிறிஸ்தவ ஆலயத்துச் சபையினர். ஆகவே வெஸ்ட்மின்ஸ்டர் அபேயையும் செயின்ட் பால் பேராலயத்தையும் பார்க்காமல் வர முடியாது. ஆனால் நுழைவுக் கட்டணத்தைப் பார்த்தால் இரண்டுக்குமாக எங்கள் இரண்டு நாள் செலவு போய்விடும் போலிருக்கிறது. அடுத்து, ஆக்ஸ்போர்டில் ஜி.யு. போப் ஐயரின் கல்லறைக்கு ஒருநாள் போய்வர இயலுமா?

சாயர்புரத்தான்:

சார், போப் ஐயர் பெயரைப் பார்த்ததும் பதில் எழுதாமல் இருக்க முடியவில்லை. 1840களில் எங்கள் ஊரில் பள்ளி நடத்தியவர் அல்லவா!

முதலில் ஆலயங்கள். சுற்றிப் பார்ப்பவர்களுக்குத்தான் கட்டணம்; ஆராதனைக்கு வருபவர்களிடம் வாங்குவதில்லை. இரண்டு இடங்களிலும் வார நாள்களில் மாலை 5 மணிக்குப் பாடகர் குழுவுடன் மாலை ஆராதனை நடக்கும். அபேயில் புதன்கிழமை மட்டும் பாட்டு இல்லாத எளிய ஜெபம். அரை மணி நேரம் முன்னதாகப் போய், ஆராதனைக்கு என்று சொன்னால் உள்ளே அழைத்து உட்கார வைப்பார்கள். கல்லறைகளையும் நினைவுச் சின்னங்களையும் சுற்றிப் பார்க்க விடமாட்டார்கள், படமெடுக்கவும் கூடாது. ஆனால் நம் சபையில் பாடும் அதே வேதாகமச் சங்கீதங்களை அந்தச் சிறுவர்களின் குரலில் கேட்கலாம். இரண்டில் ஒன்றுக்குக் கட்டணம் கொடுத்தாக வேண்டும் என்றால், வரலாற்றாசிரியருக்கு அபேதான். செயின்ட் பாலுக்கு மாலை ஆராதனை போதும்.

ஆக்ஸ்போர்டுக்கு இலண்டனின் விக்டோரியா பகுதியிலிருந்து ஆக்ஸ்போர்டு டியூப் என்ற பேருந்து அடிக்கடி புறப்படுகிறது. டியூப் என்றால் அங்கே சுரங்க இரயில்; இது பெயரில்தான் டியூப், ஓடுவது சாலையில்தான். பேடிங்டனிலிருந்து இரயிலில் ஒரு மணி நேரத்தில் போகலாம், ஆனால் கட்டணம் கூடுதல். பேருந்துக்கு இரண்டு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். நகரப் பேருந்துக் கட்டண வரம்பு இதற்குச் செல்லாது; தனிச் சீட்டு. குளோஸ்டர் கிரீன் நிலையத்தில் இறங்கி, வால்டன் தெருவில் செயின்ட் செபல்கர் கல்லறைத் தோட்டத்துக்கு மெதுவாக நடந்தாலும் கால் மணி நேரந்தான். போப் ஐயர் 1884 முதல் ஆக்ஸ்போர்டில் தமிழும் தெலுங்கும் கற்பித்து, 1908இல் காலமானார். அவருடைய குடும்பத்தாரும் தென்னிந்தியத் தமிழ் நண்பர்களும் சேர்ந்து அங்கே கல் நாட்டியிருக்கிறார்கள்; எழுத்துகளைப் படித்துப் பாருங்கள். அதன்பின் மீதி நேரத்துக்கு ஆஷ்மோலியன் மியூசியம் இருக்கிறது. 1683இல் திறந்தது, இலவசம், லிஃப்டும் உண்டு.

தேதியை முடிவு செய்யும் முன் ஒன்றைக் கவனியுங்கள். மே மாதத்தின் முதல் திங்களும் கடைசித் திங்களும் அங்கே பொது விடுமுறை. கடைசித் திங்களை ஒட்டிய வாரம் முழுவதும் பள்ளிகளுக்கும் விடுமுறை விடுவார்கள். அந்த நாள்களில் அறை வாடகை ஏறும், மியூசியங்களில் குழந்தைகள் கூட்டம் நெரியும். இரண்டாம், மூன்றாம் வாரங்களில் போவதாக விமானச் சீட்டைப் பாருங்கள். விசா வந்த பிறகே பணம் கட்டுங்கள்.