கரும்புத் தோகையில் கரண்ட் எடுக்க முடியுமா?

ஆலைக்கொட்டகை:
கவுந்தப்பாடிப் பக்கம் எங்களுக்கு நாட்டுச் சர்க்கரை ஆலை. கரும்பு பிழிவது 20 குதிரைத்திறன் டீசல் இன்ஜினில். சக்கையைக் காயவைத்து அடுப்புக்கே போட்டுவிடுகிறோம். தோகைதான் கரும்புக் காட்டில் குவிந்து கிடக்கிறது. தீ வைக்க மனசு வரவில்லை. அதைக் கேசிஃபையரில் (காய்ந்த எரிபொருளை எரிகிற வாயுவாக மாற்றும் கலன்) போட்டு இன்ஜினை ஓட்டி, கரண்டும் எடுக்கலாம் என்கிறார்கள். நடக்குமா?

வாயு மெக்கானிக்:
அண்ணா, விறகு கேசிஃபையர்களோடு பல வருஷம் வேலை பார்க்கிறேன். விறகு போடும் கலனில் தோகையை அப்படியே போட்டால் ஓடாது. ஒரு கனமீட்டர் தோகை 40 கிலோகூடத் தேறாது. கீழே இறங்காமல் நடுவில் பாலம் கட்டி நின்றுவிடும். சாம்பலும் அதிகம், சூடு ஏறினால் உருகிக் கட்டியாகிவிடும்.

காற்றைக் குறைத்துக் கொடுத்து அரைகுறையாக எரித்தால்தான் வாயு வரும். அதில் கிட்டத்தட்ட பாதி நைட்ரஜன். எரிகிற பங்கு பெரும்பாலும் கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரஜனும். கூடவே தார் வரும். இன்ஜினுக்கு எமன் அதுதான்: வால்வில் பிசின் போல் ஒட்டிக்கொள்ளும். வாயுவைக் குளிரவைத்து வடிகட்டாமல் இன்ஜின் பக்கமே போகக்கூடாது. வடிகட்டினாலும் டீசல் இன்ஜின் வெறும் வாயுவில் ஓடாது, பற்றவைக்கக் கொஞ்சம் டீசல் வேண்டும். வழக்கமாக ஆகும் டீசலில் முக்கால் பங்கு மிச்சமானால் நல்ல ஓட்டம். ஒரு யூனிட் கரண்டுக்கு ஒன்றேகால், ஒன்றரைக் கிலோ காய்ந்த எரிபொருள் ஆகும்.

கட்டைக்கரும்பு:
தோகை முழுவதையும் அள்ளிவிடாதீர்கள். கரும்பு வரிசைக்கு நடுவே பாரில் பரப்பினால் ஈரம் நிற்கும், களை அடங்கும். எங்கள் காட்டில் கட்டைக்கரும்புக்கு (வெட்டிய கட்டையிலிருந்து மறுபடி துளிர்ப்பது) அதைத்தான் செய்கிறோம்.

ஆலைக்கொட்டகை:
சரி, பாதியைப் பரப்பிவிடுகிறேன். மீதியை என்ன செய்ய?

வாயு மெக்கானிக்:
கரண்டை அப்புறம் பாருங்கள், முதலில் சாறு காய்ச்சும் கொப்பரைக்கு வெப்பம் எடுங்கள். மகாராஷ்டிராவில் பல்டணில் நிம்ப்கர் வேளாண் ஆராய்ச்சி நிறுவனம் 1990களில் தோகைக்கும் சக்கைக்கும் என்றே கேசிஃபையர் செய்து, உலைக்கு வெப்பம் கொடுத்துக் காட்டியது. வாயுவைச் சூடாகவே பர்னருக்கு விட்டால் தாரும் சேர்ந்து எரிந்துவிடும், வடிகட்டும் செலவு இல்லை. அப்போது அடுப்புக்குப் போடாமல் மிஞ்சும் சக்கையைக் கட்டியாக அழுத்தி வையுங்கள். தோகையைவிடச் சாம்பல் குறைவு. பின்னால் இன்ஜினுக்கு அதுதான் ஆகும்.

ஒன்று மட்டும் கட்டாயம்: கலனைத் திறந்த வெளியில் வையுங்கள். கார்பன் மோனாக்சைடுக்கு மணமே கிடையாது, மூடிய கொட்டகையில் கசிந்தால் ஆளையே கொன்றுவிடும்.