விடுதியில் இன்ஃபுளுவென்சா பரவல்: தனிமை அறை போதவில்லை

கோவை அருகே ஒரு கல்லூரி மாணவியர் விடுதியில் துணைக் காப்பாளராக இருக்கிறேன். நான்கு பேர் தங்கும் அறைகளில், 11 நாட்களில் 23 பேருக்குக் காய்ச்சல், வறட்டு இருமல், உடல்வலி வந்துள்ளது. முதலில் பரிசோதித்த இருவருக்கும் இன்ஃபுளுவென்சா ஏ உறுதியானது.

முகக்கவசம் கொடுத்தோம், உணவு நேரத்தை மூன்றாகப் பிரித்தோம், தண்ணீர்த் தொட்டியருகே சங்கிலியில் கட்டியிருந்த ஒரே டம்ளரையும் எடுத்துவிட்டோம். ஆயினும், அறிகுறி தெரிவதற்கு ஒரு நாள் முன்பே தொற்று பரவத் தொடங்கிவிடுவதாலும், கொசுவுக்கு அஞ்சி இரவில் சன்னல்களை மூடிவிடுவதாலும் பரவல் நிற்கவில்லை. வீட்டில் முதியவர்கள் இருக்க, பிள்ளைகளை ஊருக்கு அனுப்பவும் மனம் ஒப்பவில்லை. தனிமைப்படுத்த 8 கட்டில்களே உள்ளன.

மாத்திரையின்றிக் காய்ச்சல் விட்டு 24 மணி நேரம் கடந்தவர்களை முகக்கவசத்துடன் பழைய அறைக்கு அனுப்பலாமா, அல்லது 5 நாட்கள் முடியும்வரை தனியே வைத்திருக்க வேண்டுமா?