இடுப்பு மூட்டுக்குப் போட்ட பட்டையை எண்ணெய்க் குளியலுக்குக் கழற்றலாமா?

கேள்வி (கொழிஞ்சாம்பாறை):
எங்கள் முதல் பெண் குழந்தை, தலை திரும்பாமல் புட்டம் கீழாக இருந்ததால் அறுவைச் சிகிச்சையில் பிறந்தவள். ஆறாவது வாரம் எடுத்த ஸ்கேனில் இடது இடுப்புக் கிண்ணத்துக்கு (தொடை எலும்பின் பந்து போன்ற தலை பொருந்தும் குழிக்கு)ப் போதிய ஆழமில்லை என்று தெரிந்ததால், கோயம்புத்தூர் மருத்துவர் கால்களை மடக்கி விரித்து வைக்கும் பாவ்லிக் பட்டையை மாட்டி, எப்போதும் கழற்றக் கூடாது என்றார். எண்ணெய் தேய்த்துக் காலை நீட்டி நீவினால் தானாகச் சரியாகிவிடும் என்று அத்தை சொல்கிறார். குளியலுக்கு மட்டும் கழற்றலாமா? சேலைத் தொட்டிலில் போடலாமா?

பதில் (சித்தூர், பிசியோதெரபிஸ்ட்):
மருத்துவர் சொல்லாமல் கழற்றாதீர்கள். இந்த வயதில் கிண்ணத்தின் பெரும்பகுதி குருத்தெலும்புதான். தொடை எலும்பின் பந்து அதற்குள் ஒழுங்காக அமர்ந்திருந்தால்தான் கிண்ணம் பந்தைச் சுற்றி ஆழமாக வளரும். செக் நாட்டு மருத்துவர் அர்னோல்ட் பாவ்லிக் 1940களில் உருவாக்கிய இந்தப் பட்டை, இடுப்பை ஏறத்தாழ 90 முதல் 100 பாகை வரை மடக்கி, தொடைகளை விரித்து வைத்துக்கொண்டே குழந்தை உதைத்து விளையாடவும் இடம் கொடுக்கிறது. கால்களை நீட்டிச் சேர்த்து நீவுவது இதற்கு நேர் எதிரான வேலை. ஆனாலும் கைகால் நீவாமல் நம் பக்கம் எந்தக் குழந்தை வளர்ந்தது? அதனால் அத்தை கைகளை மட்டும் நீவட்டும். சேலைத் தொட்டில் தொடைகளை நெருக்கும் என்பதால் இப்போதைக்குப் பாயில் மல்லாக்கப் படுக்க வையுங்கள்.

பதில் (மீனாட்சிபுரம், ஒரு தாய்):
என் மகளுக்கும் இதே பட்டை போட்டிருந்தார்கள். வெயில் காலத்தில் வியர்வைதான் பெரும்பாடு. பட்டைக்கு அடியில் மெல்லிய பருத்திச் சட்டை போட்டு, முழங்கால் மடிப்புகளை ஈரத் துணியால் துடைத்து நன்றாக உலர்த்துங்கள். துணி மாற்றும்போது கணுக்காலைப் பிடித்துத் தூக்காமல், புட்டத்துக்கு அடியில் கை கொடுத்துத் தூக்குங்கள்.

கேட்டவர்:
நன்றி. எத்தனை நாள் போட வேண்டியிருக்கும்? எக்ஸ்ரே எடுக்கவில்லையே என்று உறவினர்கள் கேட்கிறார்கள்.

பதில் (சித்தூர், பிசியோதெரபிஸ்ட்):
பந்து இன்னும் எலும்பாகாததால் நான்கைந்து மாதம் வரை ஸ்கேன்தான் தெளிவாகக் காட்டும். பெரும்பாலும் 6 முதல் 12 வாரம் வரை போட வேண்டியிருக்கும். 6 மாதம் தாண்டினால் பட்டையின் பலன் குறைந்து, மயக்க மருந்து கொடுத்து மூட்டைப் பொருத்தி மாவுக்கட்டுப் போடும் நிலை வரலாம். எனவே கோயம்புத்தூர் வரை போகும் அலைச்சலுக்காகப் பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள். வார்களின் அளவை நீங்களே மாற்ற வேண்டாம்: இடுப்பு அதிகமாக மடங்கினால் தொடை நரம்பு அழுந்தும், அதிகமாக விரிந்தால் பந்துக்குப் போகும் இரத்த ஓட்டம் குறையும். குழந்தை ஒரு முழங்காலை நீட்டி உதைப்பதை நிறுத்திவிட்டால், அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள்.