விடுப்பு எடுத்தால் மதிப்பெண் கூடுமா? கெழுவின் குறி தலைகீழாக வருகிறது, உதவி தேவை

ஆய்வுமாணவி: மாணவர்களின் தோல்விக்கான காரணிகளைக் கண்டறியும் திட்டப்பணியை வெள்ளிக்கிழமைக்குள் ஒப்படைக்க வேண்டும். பல காரணிகளைக் கொண்டு விளைவைக் கணிக்கும் தொடர்புப்போக்கு (regression) மாதிரியில் விடுப்பு நாட்களின் கெழு, அதாவது அக்காரணி விளைவை எவ்வளவு கூட்டும் அல்லது குறைக்கும் என்று காட்டும் எண், நேர்க்குறியாக வருகிறது. பள்ளிக்கு வராதவர்களே நன்றாக எழுதுகிறார்கள் என்றாகிறது. எங்கே பிழை?

எண்கணக்கன்: எந்தத் தரவு, எத்தனை மாணவர்கள், சார்ந்த மாறி (கணிக்கப்படும் விளைவு) மதிப்பெண்ணா தேர்ச்சியா என்று எதையும் சொல்லாமல் பிழையை மட்டும் கேட்டால், நாங்கள் சோழிதான் உருட்ட வேண்டும்.

காவேரிக்கரை: பள்ளிகள் ஒன்றுக்கு மேல் இருந்தால், மாணவர்களுக்கிடையிலான வேறுபாட்டையும் பள்ளிகளுக்கிடையிலான வேறுபாட்டையும் பிரித்துப் பார்க்கும் பலநிலை மாதிரிதான் தீர்வு. நான் பலமுறை சொல்லிவருவது இதுவே.

ஆய்வுமாணவி: மன்னிக்கவும். போர்ச்சுகலின் இரண்டு பள்ளிகளில் 2005-06 கல்வியாண்டில் திரட்டப்பட்ட, பலரும் பயிற்சிக்கு எடுத்துக்கொள்ளும் தரவு. கணிதப் பாடம், 395 பேர். சார்ந்த மாறி 20-க்கு வழங்கப்படும் இறுதி மதிப்பெண். முதலிரண்டு பருவ மதிப்பெண்களையும் சேர்த்திருக்கிறேன்.

எண்கணக்கன்: இரண்டே பள்ளிகளைக் கொண்டு பள்ளிகளுக்கிடையிலான மாறுபாட்டை மதிப்பிட இயலாது என்பது இளநிலை மாணவருக்கும் தெரியும், காவேரிக்கரை அவர்களே.

காவேரிக்கரை: நான் எழுதியபோது பள்ளிகளின் எண்ணிக்கை தங்களுக்கும் தெரியாது, ஐயா.

திண்ணை: இருவரும் தரவைத் திறந்து பார்த்தீர்களா? இறுதியில் 38 பேர் பூஜ்யம் பெற்றிருக்கிறார்கள். அந்த 38 பேருக்கும் விடுப்பு நாட்களும் பூஜ்யம் என்றே பதிவாகியிருக்கிறது, ஆனால் முதல் பருவத்தில் ஒருவர்கூடப் பூஜ்யம் வாங்கவில்லை. இடையில் நின்றவர்களுக்கு வருகைக் கணக்கு முடிக்கப்படாமல் விடுபட்டிருக்கலாம் என்பது என் ஊகம். குறியைப் புரட்டுவது இவர்கள்தான். தவிர, இரண்டாம் பருவ மதிப்பெண் மற்றக் காரணிகளை விழுங்கிவிடும். யார் தோற்பார் என்று கணிக்க அது உதவும், ஏன் தோற்றார் என்று அறிய உதவாது.

எண்கணக்கன்: அப்படியானால் அந்த 38 வரிகளையும் நீக்கிவிட்டு ஓட்டுங்கள். முடிந்தது.

காவேரிக்கரை: தோல்வியை ஆராய வந்துவிட்டு, 10-க்குக் கீழே பெற்ற 130 பேரில் 38 பேரை நீக்குவதா? பூஜ்யமா இல்லையா என்பதை, ஆம்-இல்லை விளைவுகளுக்கான லாஜிஸ்டிக் மாதிரியாலும், எஞ்சியோரின் மதிப்பெண்ணைத் தனி மாதிரியாலும் பாருங்கள். முதலாவதில் மட்டும் விடுப்பைச் சேர்க்காதீர்கள்.

எண்கணக்கன்: வெள்ளிக்கிழமைக்குள்ளா?

ஆய்வுமாணவி: 38 பேரையும் பருவ மதிப்பெண்களையும் விலக்கியதும் எதிர்க்குறி வந்துவிட்டது. இரண்டு மாதிரிகளாகவே ஒப்படைக்கிறேன். நன்றி.