தடைக்காலத்துக்கு டிவிடெண்ட் கைகொடுக்குமா?

பாம்பன் தெற்குவாடி:
அப்பாவுக்கு முழங்கால் தேய்ந்துவிட்டது. விசைப்படகில் இருந்த தன் பங்கைக் கொடுத்துவிட்டு 6 லட்சம் ரூபாயோடு வீட்டில் உட்கார்ந்திருக்கிறார். நான் இன்னும் கடலுக்குப் போகிறேன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை. அரசு தரும் 8,000 ரூபாய் நிவாரணம் அரிசிக்கும் மளிகைக்குமே சரியாகிவிடும். வட்டிக்கு வாங்காமல் அந்த இரண்டு மாதத்தைத் தாண்ட எங்களுக்கு இன்னும் 30,000 வேண்டும். கோல் இந்தியா, ஓஎன்ஜிசி, ஆயில் இந்தியா, என்டிபிசி, பவர் கிரிட் என்று ஐந்து பங்குகளில் மொத்தப் பணத்தையும் பிரித்துப் போடலாம் என்றிருக்கிறேன். நிறுவனம் தன் லாபத்திலிருந்து பங்குதாரர்களுக்குத் தரும் டிவிடெண்ட் நான்கரை சதவீதம் வந்தாலே ஆண்டுக்கு 27,000. முதல் அப்படியே இருக்கும். இதில் என்ன தவறு?

சாயல்குடி மிளகாய்க்காடு:
தம்பி, பெயர்தான் ஐந்து. ஐந்துக்கும் பெரிய பங்குதாரர் மத்திய அரசு. ஐந்தும் நிலக்கரி, எண்ணெய், மின்சாரம். இதைப் பிரித்துப் போடுவது என்று சொல்லவே முடியாது. நான் ஒரு வருடம் மூன்று ஏக்கரிலும் முண்டு மிளகாய் மட்டும் போட்டேன். தை மாதத்தில் நான்கு நாள் விடாமல் மழை. பூவெல்லாம் உதிர்ந்து, செடி வேரோடு அழுகி நின்றது. மூன்று துண்டு நிலம் என்பதால் ஒரு துண்டாவது தப்பியதா? இல்லை.

முதல் அப்படியே இருக்கும் என்கிறீர்களே, அதுவும் சரியில்லை. கோல் இந்தியா 2010-இல் 245 ரூபாய்க்குப் பங்கு வெளியிட்டது. பத்து ஆண்டு கழித்து 150-க்கும் கீழே கிடந்தது. டிவிடெண்ட் என்பது நிறுவனத்தின் கல்லாவிலிருந்து வெளியேறும் பணம். அதைப் பெறும் உரிமை நீங்கும் நாளில் பங்கின் விலையும் ஏறக்குறைய அந்த அளவு இறங்கித்தான் தொடங்கும். பலரின் பணத்தைத் திரட்டி முதலீடு செய்யும் மியூச்சுவல் ஃபண்டுகளின் டிவிடெண்ட் திட்டத்துக்கு, பங்குச்சந்தையைக் கண்காணிக்கும் செபி 2021 ஏப்ரலில் பெயரையே மாற்றியது. வரும் பணத்தில் உங்கள் முதலும் கலந்திருக்கலாம் என்பதைப் பெயரிலேயே சொல்ல வைத்தது.

நிஃப்டி என்ற சந்தைக் குறியீட்டில் உள்ள எல்லாப் பங்குகளையும் அப்படியே வாங்கும் ஒரு இண்டெக்ஸ் ஃபண்டில் போடுங்கள். ஐம்பது நிறுவனங்கள், பல தொழில்கள். தேவைப்படும்போது தேவையான அளவு விற்றுக்கொள்ளுங்கள்.

பாம்பன் தெற்குவாடி:
அண்ணன், விற்றுக்கொள் என்பது சொல்வதற்கு எளிது. 2020 ஜனவரியில் 12,000-க்கு மேல் இருந்த நிஃப்டி மார்ச்சில் 8,000-க்குக் கீழே வந்தது. அடுத்த மாதமே தடைக்காலம். அந்த விலைக்கு விற்றுச் சாப்பிடுவது படகின் பலகையைப் பிடுங்கி அடுப்பெரிப்பது போல. கோல் இந்தியா 2024-இல் 500-ஐத் தாண்டியதையும் சொல்லுங்கள். இடைப்பட்ட காலத்தில் வைத்திருந்தவர்களுக்கு டிவிடெண்டும் வந்தது.

சாயல்குடி மிளகாய்க்காடு:
வந்தது, மறுக்கவில்லை. ஆனால் அதே 2020-இல் ஏப்ரல் 17 அன்று, உங்கள் தடைக்காலம் தொடங்கி இரண்டே நாளில், வங்கிகள் டிவிடெண்ட் தரக்கூடாது என்று ரிசர்வ் வங்கி நிறுத்திவைத்தது. நல்ல வங்கி, கெட்ட வங்கி என்ற பேதமில்லை. டிவிடெண்ட் என்பது கடனுக்கான வட்டி அல்ல. தராவிட்டால் கேட்க முடியாது.

மாதக் கணக்கையும் பாருங்கள். நிதியாண்டு மார்ச்சில் முடிகிறது. ஆண்டுப் பொதுக்கூட்டத்தைச் செப்டம்பர் முடிவதற்குள் நடத்தினால் போதும். அங்கே அறிவித்த இறுதி டிவிடெண்டை 30 நாளுக்குள் கொடுப்பார்கள். பல நிறுவனங்களில் அது ஜூலைக்குப் பிறகுதான் கைக்கு வரும். அதற்குள் நீங்கள் கடலுக்குத் திரும்பியிருப்பீர்கள்.

கீழக்கரை மகள்:
உங்கள் சண்டைக்கு நடுவே ஒன்று சொல்கிறேன். என் வாப்பா துபாயில் இருந்தபோது வாங்கிய பங்குகளின் காகிதச் சான்றிதழ்கள் உம்மாவின் தகரப்பெட்டியில், கல்யாணப் புடவைக்கு அடியில், இருந்தன. வீடு மாறியதை அந்த நிறுவனத்துக்கு யாரும் தெரிவிக்கவில்லை. காசோலை போல வரும் டிவிடெண்ட் வாரண்டுகள் பழைய முகவரிக்கே போய்த் திரும்பியிருக்கின்றன. ஏழு ஆண்டு தொடர்ந்து வாங்காமல் விட்டால் அந்தப் பணம் மட்டுமல்ல, பங்குகளும் முதலீட்டாளர் கல்வி மற்றும் பாதுகாப்பு நிதிக்குப் போய்விடும். போய்விட்டது. மீட்கலாம், உரிமை அழிவதில்லை. ஆனால் வாப்பாவின் இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, பெயரில் ஓர் எழுத்து மாறியதற்கு உறுதிமொழிப் பத்திரம் என்று உம்மா கையெழுத்துப் போட்டுப் போட்டு ஓய்ந்துவிட்டார்கள். தம்பி, எதை வாங்கினாலும் நாமினி பெயரை இன்றே எழுதிவிடுங்கள். உங்கள் அம்மாவிடம் அந்தக் கணக்கைக் காட்டுங்கள்.

தொண்டி வாத்தியார்:
தெற்குவாடித் தம்பிக்கு வேண்டியது குறிப்பிட்ட மாதத்தில் குறிப்பிட்ட தொகை. அதற்குப் பங்குச்சந்தை இடமே இல்லை. அஞ்சலக மாத வருமானத் திட்டத்தின் வட்டியை 2023 ஏப்ரலில் 7.4 சதவீதமாக உயர்த்தினார்கள். அந்தக் கணக்கில் 4 லட்சத்துக்கு ஆண்டு வட்டி 29,600. மாதம் 2,466 ரூபாய் வரும். அதைத் தொடாமல் சேமிப்புக் கணக்கில் விட்டுவைத்தால் ஏப்ரலில் முழுத்தொகை கையில் இருக்கும். போட்ட நாளின் வட்டியே ஐந்து ஆண்டுக்கும் நிற்கும். மீதி 2 லட்சம்தான் பங்குக்கு. அது ஐந்து ஆண்டு கழித்தும் வேண்டாத பணமாக இருக்கட்டும். விலைவாசி ஏற ஏற வட்டியின் மதிப்பு தேயும். அதை ஈடுகட்டத்தான் பங்கு.

சாயல்குடி மிளகாய்க்காடு:
ஐயா சொல்வதை ஏற்கிறேன். அந்த 2 லட்சமும் இண்டெக்ஸ் ஃபண்டுக்கே போகட்டும். டிவிடெண்ட் 2020 ஏப்ரலிலிருந்து வாங்குபவரின் வருமானத்தோடு சேர்த்து வரிக்கு உட்பட்டது. ஓராண்டுக்கு மேல் வைத்து விற்றால் 1.25 லட்சம் வரையிலான லாபத்துக்கு வரியே இல்லை.

பாம்பன் தெற்குவாடி:
எங்கள் வீட்டு வருமானத்துக்கு வரி பெரிய கேள்வி இல்லை அண்ணன். ஐயா சொன்னபடி 4 லட்சத்தை நாளை அப்பாவோடு தபால் நிலையத்துக்குப் போய்ப் போட்டுவிடுகிறேன். மீதியில் ஒன்றரை லட்சம் இண்டெக்ஸ் ஃபண்டு. 50,000 மட்டும் டிவிடெண்ட் பங்குகளில், இந்த முறை ஐந்தும் வேறு வேறு தொழில். அதை மட்டும் விட மாட்டேன். அப்பா நாற்பது ஆண்டு பங்குக் கணக்கிலேயே வாழ்ந்தவர். மீன் விற்று, டீசலும் ஐஸும் கழித்து, மிச்சத்தில் தன் பங்கை எண்ணி வாங்கிய கை அது. வருடத்தில் ஒருமுறையாவது அவர் பெயரில் அப்படி ஒரு தொகை வரட்டும்.

சாயல்குடி மிளகாய்க்காடு:
50,000 என்றால் நானும் தடுக்கவில்லை. எந்த ஐந்து என்று முடிவானதும் இங்கே எழுதுங்கள், பார்க்கலாம்.