பத்து மாதக் குழந்தை கருத்துக்கொண்டே போகிறாள், நாத்தனார் கொடுத்த கிரீமைப் போடலாமா?

யாழினி அம்மா, கோவை

எல்லோருக்கும் வணக்கம். என் மகளுக்குப் பத்து மாதம் முடியப் போகிறது. பிறந்தபோது செக்கச்செவேலென்று இருந்தாள். பிரசவ வார்டில் பக்கத்துக் கட்டில் பாட்டி எட்டிப் பார்த்து, "யாரு வீட்டுச் செவப்பி இது?" என்று கேட்டார். அப்புறம் மூன்றாம் மாதத்திலிருந்து நிறம் மாற ஆரம்பித்தது. அவள் அப்பா மாநிறம், நான் கருப்பு. இப்போது அப்படியே என் நிறத்துக்கு வந்து நிற்கிறாள்.

வீட்டில் யாரும் குத்திப் பேசுவதில்லை. ஆனால் வாரம் ஒரு வைத்தியம் வந்து சேர்கிறது. அத்தை தினமும் கடலை மாவும் கஸ்தூரி மஞ்சளும் பாலாடையில் குழைத்து அழுத்தித் தேய்த்துக் குளிப்பாட்டுகிறார்கள். குழந்தை வீறிட்டு அழுகிறாள். கழுத்து மடிப்பும் தொடை இடுக்கும் சிவந்துபோய் இருக்கின்றன. அடுத்த மாதம் காது குத்து. திருநெல்வேலியிலிருந்து சொந்தமெல்லாம் வரும், அதற்குள் கொஞ்சம் தெளிந்தால் நல்லது என்று நாத்தனார் ஒரு ட்யூப் கொடுத்திருக்கிறார். அவர் முகத்துக்குப் போடுவதுதான், மெடிக்கலில் கேட்டு வாங்கியது. சும்மா சொல்லக்கூடாது, அவர் முகம் பளிச்சென்றுதான் இருக்கிறது. "பட்டாணி அளவு எடுத்து தேங்காய் எண்ணெயில் கலந்து போடு, ஒண்ணும் ஆகாது" என்கிறார்.

போடலாமா? இந்தக் கருப்பு இன்னும் கூடுமா, இதோடு நிற்குமா? விரல் மூட்டுகளின் மேல் மட்டும் தனியாகக் கருத்துக் கிடக்கிறது. அது போகாத அழுக்கு என்கிறார்கள் அத்தை.

எனக்கு நிறம் பெரிதில்லை என்று எழுதத்தான் ஆசை. ஆனால் பள்ளிக்கூட நாடகத்தில் எல்லா வருஷமும் எனக்கு அரக்கி வேஷம்தான் கொடுத்தார்கள். அதனால் கேட்கிறேன்.

ரேவதி, மதுரை

மாசமாக இருந்தபோது குங்குமப்பூ பால் குடிக்கவில்லையா? என் தங்கை விடாமல் குடித்தாள். பையன் வெள்ளைக்காரன் மாதிரி இருக்கிறான். இனி பேசி என்ன, பச்சைப்பயறு மாவு போட்டுப் பாருங்கள்.

பிரியா, சேலம்

ரேவதி அக்கா, என் ஓரகத்தியும் குடித்தார். காஷ்மீரிலிருந்து வரவழைத்த டப்பா. பையன் எங்கள் மாமனார் நிறத்தில் பிறந்து, அவரைப் போலவே முறைக்கவும் செய்கிறான். உங்கள் தங்கை, மாப்பிள்ளை இருவரும் என்ன நிறம் என்று சொல்லவில்லையே?

செல்வம், திண்டுக்கல்

தங்கச்சி, அந்த ட்யூபைக் குழந்தை மேல் போடாதீர்கள். எண்ணெயில் கலந்தும் வேண்டாம், ஒரு பொட்டுகூட வேண்டாம்.

நான் மெடிக்கல் ஷாப் வைத்திருக்கிறேன், பார்மசி படித்தவன். "முகம் வெளுக்க ஒரு ட்யூப் குடுங்கண்ணே" என்று கேட்டு வராத நாளே கிடையாது. கல்யாண சீசனில் கூட்டம் இன்னும் கூடும். அப்படிக் கேட்டால் கடைகளில் எடுத்துக் கொடுப்பது பெரும்பாலும் ஸ்டீராய்டு கலந்த களிம்புதான். ட்யூபில் சின்ன எழுத்தில் மருந்துப் பெயர்கள் இருக்கும். பெட்டாமெத்தசோன், க்ளோபெட்டசால், மொமெட்டசோன் என்று ஏதாவது இருக்கிறதா பாருங்கள். இடது ஓரத்தில் சிவப்புக் கோடு ஓடினால் அது டாக்டர் சீட்டுக்கு மட்டும் தர வேண்டிய மருந்து. 2018இல் மத்திய அரசு 14 வகை ஸ்டீராய்டு பூச்சு மருந்துகளைச் சீட்டில்லாமல் விற்கக்கூடாது என்று கொண்டுவந்தது. கடைத்தெருவில் நடப்பது வேறு என்பது உங்கள் நாத்தனாருக்கே தெரிந்திருக்கும்.

பளிச்சென்று தெரிவதன் சூட்சுமத்தையும் சொல்லிவிடுகிறேன். ஸ்டீராய்டு தோலுக்கு அடியில் இருக்கும் ரத்தக்குழாய்களைச் சுருக்கும், நிறமி உண்டாவதையும் அடக்கும். முதல் சில வாரம் முகம் வெளுத்து, பருவும் அடங்கி, ஏதோ அதிசயம் நடந்த மாதிரி இருக்கும். பிறகு தோல் மெலிந்து ரத்த நாளம் வெளியே தெரியும், கன்னத்தில் பூனை முடி வளரும். விட்டால் எரிச்சல், அதனால் விட முடியாது. பெரியவர்களுக்கே இந்தக் கதி. குழந்தையின் தோல் மெல்லியது. எடையோடு பார்த்தால் தோல் பரப்பும் அவர்களுக்கு அதிகம், பூசியது ரத்தத்தில் சுலபமாக ஏறிவிடும். உடம்பு தானாகச் சுரக்கிற ஸ்டீராய்டைக்கூட அது அடக்கிவிடலாம், வளர்ச்சி பாதிக்கலாம். சொறி, கரப்பானுக்குக் குழந்தை டாக்டர் அளந்து எழுதித் தருவது வேறு விஷயம், அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்.

பெயர் தெரியாத, பில் இல்லாத "வெளிநாட்டு" டப்பா கிரீம்கள் இதைவிட மோசம். 2023இல் கேரளாவில் மலப்புரம் பக்கம் சிலருக்குச் சிறுநீரகம் பாதித்து, காரணம் தேடிப் போனால் முகம் வெளுக்க அவர்கள் பூசிய கிரீமில் பாதரசம்.

இன்னொன்றும் எழுத வேண்டும். ஃபேர் அண்ட் லவ்லி என்ற பெயரை 2020இல் க்ளோ அண்ட் லவ்லி என்று மாற்றினார்கள் அல்லவா, என் கடைக்கு வருகிறவர்கள் இன்றைக்கும் பழைய பெயரைச் சொல்லித்தான் கேட்கிறார்கள். அட்டையில் மாறியது வாயில் மாறவில்லை. உங்கள் அத்தையையும் நாத்தனாரையும் மட்டும் குறை சொல்லி என்ன செய்வது?

யாழினி அம்மா, கோவை

நன்றி அண்ணா. ட்யூபைப் பார்த்தேன். ஹைட்ரோகுவினோன், ட்ரெட்டினாயின், மொமெட்டசோன் என்று மூன்று பெயர் இருக்கிறது. சிவப்புக் கோடும் இருக்கிறது. பீரோவுக்குள் வைத்துப் பூட்டிவிட்டேன்.

மேரி, நாகர்கோவில்

நான் கிராம சுகாதார செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள். தம்பி செல்வம் கிரீம் பற்றி நன்றாகச் சொல்லிவிட்டார், அதை நான் திரும்பச் சொல்லவில்லை.

நிறம் மாறியதில் அதிசயம் ஒன்றும் இல்லை கண்ணு. பிறந்த பிள்ளைக்குத் தோல் மெல்லிசு, ரத்தம் அதிகம், அந்தச் சிவப்பு ரத்தச் சிவப்பு. நிறமி சுரந்து சேர மாதக்கணக்கில் ஆகும். ஒரு வயசு வாக்கில் ஏறக்குறைய அதன் சொந்த நிறத்துக்கு வந்துவிடும். அப்புறம் வெயிலைப் பொறுத்துக் கொஞ்சம் ஏறும், இறங்கும், அவ்வளவுதான். காது மடலைப் பார்த்து நிறம் சொல்கிற கிழவிகள் எங்கள் ஊரில் உண்டு, பாதி நேரம் சரியாகத்தான் சொல்வார்கள். தேய்த்து வருவதும் இல்லை, போவதும் இல்லை. சிவந்து கிடக்கும் மடிப்பில் மாவு படக்கூடாது, பச்சைத் தண்ணீரில் கழுவி ஒற்றி எடுத்து ஈரமில்லாமல் வையுங்கள்.

எனக்கு உறுத்துவது விரல் மூட்டு. அதைக் கடைசி வரியில் போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள். கருப்பான பிள்ளைகளுக்கு மூட்டு கொஞ்சம் கூடுதலாகக் கருத்திருப்பது சகஜம், அதற்காகப் பதற வேண்டாம். ஆனால் சிலவற்றைக் கேட்கிறேன், பதில் சொல்லுங்கள். நீங்கள் சைவமா? பால், தயிர் எவ்வளவு எடுக்கிறீர்கள்? குழந்தைக்குத் தாய்ப்பால் மட்டும்தானா, சாப்பாடு இறங்குகிறதா? உட்காருகிறாளா? முன்னைப்போல் முகம் பார்த்துச் சிரிக்கிறாளா? கீழ் இமையை லேசாக இழுத்துப் பார்த்தால் உள்ளே சிவப்பாக இருக்கிறதா, வெளுத்துக் கிடக்கிறதா? நாக்கு?

கேட்பதற்குக் காரணம் உண்டு. வைட்டமின் பி12 கறி, மீன், முட்டை, பால் இவற்றில்தான் இருக்கிறது, காய்கறியில் கிடையாது. அம்மாவுக்கு அது குறைந்தால் தாய்ப்பாலிலும் குறைந்துவிடும். அப்படிப்பட்ட பிள்ளைகளுக்கு விரல் மூட்டு கருக்கும், ரத்தம் குறையும், முடி செம்பட்டையாகி மெலியும். உட்கார்ந்த பிள்ளை சாயும், சிரித்த பிள்ளை சும்மா பார்த்துக்கொண்டிருக்கும். "பிள்ளை ரொம்ப சாதுங்க, அழவே அழாது" என்று பெருமையாகத் தூக்கிக்கொண்டு வருவார்கள். எனக்கு வயிற்றைக் கலக்கும்.

யாழினி அம்மா, கோவை

அக்கா, நாங்கள் சைவம். எனக்குச் சின்ன வயதிலிருந்தே பால் வாடை ஆகாது, டீ காபியும் இல்லை. தயிர் எப்போதாவது. குழந்தை இட்லியைத் துப்பிவிடுகிறாள், பெரும்பாலும் தாய்ப்பால்தான். போன மாதம் நன்றாக உட்கார்ந்தாள், இப்போது தலையணை வைக்க வேண்டியிருக்கிறது. சளி பிடித்த அசதி என்று நினைத்தோம். குளிக்கும்போது மட்டும்தான் அழுவாள், மற்ற நேரம் சாது. இமைக்குள் வெளுப்பாகத்தான் தெரிகிறது.

மேரி, நாகர்கோவில்

நாளைக்கே குழந்தை டாக்டரிடம் போங்கள். காது குத்து முடியட்டும் என்று தள்ளாதீர்கள். மூட்டு கருத்திருப்பதையும், உட்கார்ந்தவள் சாய்வதையும் நீங்களே வாய்விட்டுச் சொல்லுங்கள், அவர்கள் கேட்கட்டும் என்று இருக்க வேண்டாம். ஒன்பதாம் மாத ஊசிக்குப் போனபோது எடை குறித்த அட்டையையும் கொண்டுபோங்கள். ஆறு மாதத்திலிருந்து வாரம் இரண்டு முறை ஒரு மில்லி இரும்புச்சத்து சிரப் அரசு தருகிறதே, கொடுத்தீர்களா? கொடுத்திருந்தாலும் இல்லாவிட்டாலும் அதையும் சொல்லுங்கள். பி12தான் என்றால் ஊசியில் சீக்கிரம் தேறுவார்கள், ஆனால் தாமதம் கூடாது. கடையில் கேட்டு சத்து டானிக் வாங்கி ஊற்றாதீர்கள், தம்பி செல்வம் கோபித்துக்கொள்ள மாட்டார்.

செல்வம், திண்டுக்கல்

கோபமா? நானே அதைத்தான் சொல்வேன் அக்கா. மூட்டு விஷயம் எனக்குத் தட்டவே இல்லை.

யாழினி அம்மா, கோவை

போய்விட்டு வந்தோம். டாக்டர் முதலில் கையைத்தான் விரித்துப் பார்த்தார். ரத்தம் குறைவு, பி12 சந்தேகம் என்று குழந்தைக்கும் எனக்கும் சேர்த்தே ரத்தம் எடுத்திருக்கிறார்கள். பி12 முடிவு திங்கட்கிழமை. அதுவரை காத்திருக்க வேண்டாம் என்று இன்றே குழந்தைக்கு ஊசி ஆரம்பித்துவிட்டார். அத்தையும் கூட வந்தார்கள். "இதுக்கும் மாவுக்கும் சம்பந்தமே இல்லையா டாக்டர்?" என்று இரண்டு தடவை கேட்டார்கள். காது குத்தைத் தள்ளி வைத்தாயிற்று.

செல்வம் அண்ணா, ஒன்று கேட்க வேண்டும். நாத்தனாரிடம் ட்யூப் விஷயத்தைச் சொன்னேன். அவர் பயந்து இரண்டு நாள் போடாமல் இருந்திருக்கிறார். முகமெல்லாம் சிவந்து எரிகிறதாம், "அப்போ கிரீம் நல்லதுதானே, நிறுத்தினதாலதானே இப்படி" என்கிறார்.

செல்வம், திண்டுக்கல்

அந்த எரிச்சல்தான் நான் சொன்னது. தோல் அதற்குப் பழகிவிட்டது. திரும்பப் போட்டால் அடங்கும், அடங்கினால் மறுபடி ஒரு ட்யூப் வாங்குவார். அவராக விடவும் வேண்டாம், அவராகத் தொடரவும் வேண்டாம். தோல் டாக்டரிடம் அனுப்புங்கள், எப்படிக் குறைத்து நிறுத்துவது என்று அவர் சொல்வார். பீரோவில் பூட்டிய ட்யூபையும் கொடுத்து அனுப்புங்கள், எத்தனை மாதமாகப் போடுகிறார் என்பதை மறைக்காமல் சொல்லச் சொல்லுங்கள். கண்ணாடி பார்க்க முடியாதபடி கொஞ்ச நாள் இருக்கும், காது குத்து தள்ளிப்போனது அவருக்கும் நல்லதுதான்.